நீர்க்கடுப்பும் வீட்டு வைத்தியமும்: தடுப்பது வேறு, தீர்ப்பது வேறு

சிறுநீர்ப்பையோடு நின்றுவிடும் சாதாரணத் தொற்று, மருந்தே எடுக்காத பெண்களில் 25 முதல் 42 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளிலிருந்து கிடைத்த கணக்கு இது. வீட்டு வைத்தியம் எதைப் பற்றிப் படிக்கும் முன்பும் இந்த எண்ணை மனத்தில் போட்டுக்கொள்வது நல்லது. பத்துப் பேர் எதைக் குடித்தாலும் அவர்களில் மூன்று நான்கு பேர் "எனக்குக் கேட்டது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குடித்ததும் உண்மை, குணமானதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே நாம் போடும் முடிச்சுதான் சந்தேகத்துக்குரியது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நீர்க்கடுப்புக்கான வைத்தியம் என்று சொல்லும்போது மூன்று வெவ்வேறு வேலைகளை ஒரே பெயரில் அழைக்கிறோம். இப்போது எரிகிற எரிச்சலைத் தணிப்பது ஒன்று. உள்ளே பெருகிவிட்ட கிருமியை ஒழிப்பது இன்னொன்று. அடுத்த முறை வராமல் தடுப்பது மூன்றாவது. நன்றாக ஆய்வு செய்யப்பட்ட வீட்டு வைத்தியங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வேலைக்கானவை. ஆனால் மக்கள் அவற்றை நாடுவது, எரிச்சல் தாங்காத நள்ளிரவில், இரண்டாவது வேலைக்காக. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

எந்தப் பொருள் எதைச் செய்ய முடியும் என்று தெரிய வேண்டுமானால், சிறுநீர்ப்பைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நான்கில் மூன்று தொற்றுகளுக்கும் மேல் காரணம் ஈ.கோலி என்ற பாக்டீரியா. அது வெளியிலிருந்து வருவதில்லை. நம் குடலில் சாதுவாக வாழ்வதுதான். மலவாய்ப் பகுதியிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து, குழாய் வழியே மேலேறிப் பைக்குள் சேர்கிறது. பெண்களுக்கு அந்தக் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ.; ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருவதற்கு இந்தப் பதினாறு சென்டிமீட்டர் வித்தியாசம் ஒரு பெரிய காரணம். சுத்தக் குறைவு என்று ஒரு பெண்ணைக் குற்றம் சாட்டுவதற்கு முன் உடற்கூறைப் பார்க்க வேண்டும்.

மேலேறி வந்தால் மட்டும் போதாது. சிறுநீர் ஒரு நாளைக்குப் பல முறை வெளியேறுகிறது. பிடிமானம் இல்லாத கிருமி அதோடு போய்விடும். அதனால் ஈ.கோலியின் உடலில் மெல்லிய மயிர் போன்ற இழைகள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் இருக்கும் ஃபிம்எச் என்ற புரதம், சிறுநீர்ப்பைச் சுவரின் செல்களில் உள்ள மேனோஸ் என்ற சர்க்கரையைக் கொக்கிபோல் பற்றிக்கொள்கிறது. நம் உடலும் சும்மா இருப்பதில்லை. சிறுநீரகம் ஒரு புரதத்தைத் தயாரித்துச் சிறுநீரில் கலந்துவிடுகிறது; 1950-இல் அதைக் கண்டறிந்த இருவரின் பெயரால் அதற்கு டாம்-ஹார்ஸ்ஃபால் புரதம் என்று பெயர். அதன் மேலும் மேனோஸ் இருக்கிறது. கிருமி ஏமாந்து சுவருக்குப் பதிலாக அதைப் பிடித்தால், சிறுநீரோடு வெளியே போக வேண்டியதுதான். இத்தனையும் தாண்டி ஒட்டிக்கொண்ட கிருமிகளில் சில, சுவரின் செல்களுக்கு உள்ளேயே புகுந்து கூட்டமாகப் பெருகுகின்றன என்பதும் எலிகளில் செய்த ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. உள்ளே ஒளிந்தவற்றை வெளியே ஓடும் சிறுநீர் ஒன்றும் செய்ய முடியாது. குணமான சில வாரங்களில் மீண்டும் தலைதூக்கும் தொற்றுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

ஆக, கிருமி ஒட்டும் முன் தடுக்கும் வழிகளுக்கு வாய்ப்பு அதிகம். ஒட்டிப் பெருகிய பிறகு வாய்ப்பு குறைவு.

தண்ணீர் இதற்கு நல்ல சான்று. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பது எல்லாரும் எல்லா நோய்க்கும் சொல்லும் அறிவுரை என்பதால் அதற்கு மதிப்புக் குறைந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் முறையான ஆய்வே இருக்கிறது. அடிக்கடி தொற்று வந்த, மாதவிடாய் நிற்காத, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே நீராகாரம் எடுத்துக்கொண்டிருந்த 140 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வழக்கமாகக் குடிப்பதோடு தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் கூடுதலாகக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது, குடிக்காதவர்களுக்கு 3.2 முறை. ஆன்டிபயாடிக் எடுத்த தடவைகளும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. செலவில்லாத, பக்க விளைவு அநேகமாக இல்லாத ஒரு பொருளுக்கு இது அசாத்தியமான மதிப்பெண்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் முன்பு குறைவாகக் குடித்தவர்கள் என்பது. ஏற்கெனவே போதுமான அளவு குடிப்பவர் இன்னும் ஒன்றரை லிட்டர் சேர்த்தால் அதே பலன் கிடைக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. இதய பலவீனமோ சிறுநீரகச் செயலிழப்போ இருந்து, மருத்துவர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருப்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தவே பொருந்தாது. பார்லித் தண்ணீர், மூலிகைக் கஷாயம், பழச்சாறு என்று பல பானங்களுக்குப் பரிந்துரை உண்டு. அவற்றால் கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு அவற்றில் உள்ள தண்ணீருடையது என்பது என் எண்ணம். பிடித்த வடிவத்தில் குடிக்கலாம், சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

கிரான்பெர்ரியின் கதை நீளமானது, வேடிக்கையானதும்கூட. இந்தச் சிவப்புப் பழம் சிறுநீரை அமிலமாக்கும், அமிலத்தில் கிருமி வாழாது என்பதுதான் முதல் விளக்கம். 1914-இல் பிளாதர்விக் என்ற அமெரிக்க ஆய்வாளர், இப்பழத்திலுள்ள பென்சோயிக் அமிலம் உடலில் ஹிப்யூரிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறுவதை எழுதினார். பல பத்தாண்டுகள் இந்த விளக்கமே நிலைத்தது. பிறகு அளந்து பார்த்தபோது, சாதாரணமாகக் குடிக்கும் அளவில் கிருமியைத் தடுக்கும் அளவுக்கு அந்த அமிலம் சிறுநீரில் சேர்வதில்லை என்று தெரிந்தது. விளக்கம் விழுந்தது, பழக்கம் விழவில்லை. 1984-இல் சொபோட்டா என்பவர், கிரான்பெர்ரிச் சாறு ஈ.கோலி செல்களின் மேல் ஒட்டுவதைக் குறைக்கிறது என்று காட்டினார். 1998-இல் அதற்குக் காரணமான பொருள் பழத்திலுள்ள புரோஆந்தோசயனிடின் என்று கண்டறிந்தார்கள். முதலில் நம்பிக்கை வந்து, எழுபது ஆண்டு கழித்து அதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

மனிதர்களிடம் அது வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு விடை முன்னும் பின்னும் ஆடியது. 1994-இல் 153 மூதாட்டிகளுக்குத் தினமும் 300 மில்லிலிட்டர் சாறு கொடுத்த ஆய்வு சாதகமாக வந்தது. எல்லா ஆய்வுகளையும் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2012-இல் 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டுக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றது. அதே அமைப்பு 2023-இல் 50 ஆய்வுகள், 8,857 பேர் என்று தொகுப்பை விரிவாக்கியபோது முடிவு மாறிவிட்டது: அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு ஆபத்து ஏறத்தாழக் கால்வாசி குறைகிறது, குழந்தைகளுக்குப் பாதிக்கும் மேல் குறைகிறது. பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பையை முழுதாகக் காலி செய்ய முடியாதவர்கள் ஆகியோருக்குப் பலன் தெரியவில்லை.

இந்தப் பட்டியலில் "இப்போது தொற்று இருப்பவர்கள்" என்ற பிரிவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த எண்கள் எல்லாம் தடுப்புக்கானவை. எரிச்சல் தொடங்கிய பிறகு ஒரு பாட்டில் சாறு குடிப்பதற்கு அவற்றில் ஓர் ஆதாரமும் இல்லை. அது மட்டுமல்ல, கிரான்பெர்ரிச் சாறு என்று விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி சர்க்கரைத் தண்ணீர். அந்தப் பழத்தின் புளிப்பும் துவர்ப்பும் தாங்க முடியாதவை. இனிப்புச் சேர்க்காமல் குடிக்க வைப்பது கடினம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னொரு தொல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவர்கள், தினமும் அதிக அளவில் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மேனோஸ் விஷயத்தில் நடந்தது தலைகீழ். இங்கே விளக்கம் முதலிலேயே பிரமாதமாக இருந்தது. கிருமியின் கொக்கி மேனோஸைத்தான் பிடிக்கிறது என்றால், டி-மேனோஸ் பொடியைக் குடித்தால் போதுமே. அது சிறுநீரில் கலந்து கொக்கிகளை அடைத்துவிடும். உடலின் சொந்தப் புரதம் செய்யும் வேலையையே கொஞ்சம் அதிகமாகச் செய்கிறோம், அவ்வளவுதான். 2014-இல் வெளியான ஓர் ஆய்வு ஆதரவாகவும் இருந்தது. பொடியின் விற்பனை சூடுபிடித்தது. பிறகு பிரிட்டனில் 598 பெண்களிடம், போலிப் பொடியோடு ஒப்பிட்டு, தினமும் 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் முடிவு வந்தது. மீண்டும் தொற்று அறிகுறிகளோடு மருத்துவரிடம் வந்தவர்கள், மேனோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம். போலிப் பொடி எடுத்தவர்களில் 55.7 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. பொருளின் செயல்முறை அழகாக இருந்தால் பலனும் இருந்தே தீரும் என்று நம்புபவர்கள் இந்த இரண்டு பொருள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்து, சமையலறை வேதியியல். இதில் இரண்டு கட்சிகள். ஒன்று, சிறுநீரைக் காரமாக்கினால் எரிச்சல் அடங்கும் என்று சமையல் சோடாவைக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறது. மற்றது, அமிலமாக்கினால் கிருமி சாகும் என்று வினிகரையும் வைட்டமின் சி-யையும் நீட்டுகிறது. ஒரே நோய்க்கு நேர்மாறான இரண்டு வைத்தியங்கள், சில நேரம் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். எழுதியவருக்கே அது உறுத்துவதில்லை.

சோடாக் கட்சியின் நிலைமை: காரமாக்கும் மருந்துகள் எரிச்சலைத் தணிக்கின்றனவா என்று 2016-இல் தேடிய காக்ரேன் மதிப்பீட்டுக்கு, சேர்த்துக்கொள்ளத் தகுதியான ஓர் ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. ஒரு தேக்கரண்டி சோடாவில் சோடியம் மட்டும் ஏறக்குறைய 1,250 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் வைக்கும் வரம்பே 2,000 மில்லிகிராம். ரத்த அழுத்தமோ இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. இன்னொரு சிக்கல்: இந்தத் தொற்றுக்கு முதலில் எழுதப்படும் நைட்ரோஃபுரான்டோயின் என்ற மருந்து அமிலத் தன்மையுள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். சோடாவையும் அதையும் சேர்த்து எடுப்பவர், தன் மருந்தின் காலைத் தானே வாரிவிடுகிறார்.

அமிலக் கட்சிக்கும் பெரிய பலம் இல்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை உடல் எரித்துச் செலவழித்துவிடுகிறது. அது அமிலமாகவே சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஈ.கோலியோ, சாதாரணச் சிறுநீரின் லேசான அமிலத்தைச் சகித்து வாழப் பழகியது. வைட்டமின் சி-யை அதிக அளவில் நாள்கணக்கில் எடுத்தால் சிறுநீரில் ஆக்சலேட் கூடிச் சிறுநீரகக் கல்லுக்கு வாய்ப்பு ஏற்படும். பூண்டு, தேங்காய் எண்ணெய் போன்றவற்றுக்குச் சொல்லப்படும் ஆதாரம் கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொன்ற ஆதாரம். தட்டில் கொல்வது சுலபம். வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் கடந்து சிறுநீரில் போதிய அளவு வந்து சேர வேண்டுமே.

அப்படியானால் நடப்பிலுள்ள தொற்றை ஆன்டிபயாடிக் இல்லாமல் சமாளிக்கவே முடியாதா? இந்தக் கேள்வியை மருத்துவர்களே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக்குகளை எதிர்க்கும் கிருமிகள் பெருகிவரும் காலத்தில் அது நியாயமான கேள்வி. ஜெர்மனியில் 494 பெண்களிடம், ஒரு பகுதிக்கு ஆன்டிபயாடிக்கும் மறு பகுதிக்கு மூன்று நாள் இபுப்ரோஃபென் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். 2015-இல் வந்த முடிவு: வலி மாத்திரை எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கடைசிவரை ஆன்டிபயாடிக் இல்லாமலே குணமானார்கள். ஆனால் அவர்களுக்கு எரிச்சல் அதிக நாள் நீடித்தது. சிறுநீரகத் தொற்று அவர்களில் 5 பேருக்கு வந்தது. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் ஒருவருக்கு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 383 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட இதே போன்ற ஆய்வில், இபுப்ரோஃபென் பக்கம் 7 பேருக்குச் சிறுநீரகத் தொற்று, மறுபக்கம் ஒருவருக்கும் இல்லை. ஊவா உர்சி என்ற ஐரோப்பிய மூலிகைக்கும் இதே கதி. பிரிட்டனில் நடந்த ஆய்வில் அறிகுறிகள் குறையவில்லை. ஜெர்மனியில் நடந்த ஆய்வில் ஆன்டிபயாடிக் தேவை குறைந்தாலும் பெண்கள் அதிகம் அவதிப்பட்டார்கள்.

இதை நான் இப்படிப் படிக்கிறேன்: வேறு நோயில்லாத, கர்ப்பமாக இல்லாத, இளம் அல்லது நடுவயதுப் பெண் ஒருவர், லேசான எரிச்சலோடு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்பது மடத்தனம் அல்ல. பெரும்பாலோர் தப்பித்துவிடுவார்கள். ஆனால் அது இலவசமான பொறுமை அல்ல, சிறிய அளவில் ஒரு சூதாட்டம். தெரிந்து ஆடுபவருக்கும், "இயற்கை வைத்தியம், கெடுதல் ஒன்றும் இல்லை" என்ற நம்பிக்கையில் தெரியாமல் ஆடுபவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தக் காத்திருப்புக்கு உதவுபவை எளியவை: அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம், வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு வலி மாத்திரை, காப்பியும் மதுவும் இல்லாத சில நாள்கள். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் ஃபெனாசோபிரிடின் மாத்திரையும் எரிச்சலை மட்டும் மரத்துப்போகச் செய்வதுதான். கிருமியை அது தொடுவதில்லை. இரண்டு நாளுக்கு மேல் அதைத் தொடர்ந்தால் நோய் முற்றுவது தெரியாமலே போகலாம்.

பழக்கவழக்க அறிவுரைகளில் வீண் பழி நிறைய. முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது, அடக்கிவைக்காமல் இருப்பது எல்லாம் தீங்கில்லாத, அறிவுக்குப் பொருந்தும் யோசனைகள். ஆனால் அடிக்கடி தொற்று வரும் பெண்களையும் வராத பெண்களையும் ஒப்பிட்ட 2000-ஆம் ஆண்டு ஆய்வில் இவற்றால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் தெரிந்தது வேறு இடங்களில்: உறவின் எண்ணிக்கை, புதிய துணை, விந்தணுவைக் கொல்லும் கருத்தடைக் களிம்பு, பதினைந்து வயதுக்குள் முதல் தொற்று வந்தது, தாய்க்கும் இதே தொல்லை இருந்தது. களிம்பைத் தவிர வேறு எதையும் எளிதில் மாற்ற முடியாது. அந்தக் களிம்பு யோனியில் உள்ள நல்ல லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்களையும் அழித்து ஈ.கோலிக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. மணமூட்டிய கழுவு திரவங்களால் உள்ளே கழுவுவதும் வேண்டாத வேலை.

மாதவிடாய் நின்றவர்களுக்கு நடப்பதும் இதுவே, களிம்பு இல்லாமலே. ஈஸ்ட்ரோஜன் குறைய, நல்ல பாக்டீரியா குறைகிறது, தொற்று கூடுகிறது. 1993-இல் வெளியான ஓர் ஆய்வில் 93 பெண்கள்; யோனியில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்கு 0.5 தொற்று, மற்றவர்களுக்கு 5.9. இந்தக் கட்டுரையில் உள்ள எந்தப் பழச்சாறும் பொடியும் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து என்பதால் வீட்டு வைத்தியப் பட்டியல்களில் இது வருவதில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் கிரான்பெர்ரி மாத்திரைக்குச் செலவழித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாதவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு, அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்தால்கூட, அது சிறுநீரகத்துக்கு ஏறும் ஆபத்து அதிகம், சிகிச்சை தேவை. ஆண்கள், குழந்தைகள், நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகக் கல் அல்லது குழாய் பொருத்தப்பட்டவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோரும் காத்திருக்கலாகாது. யாராக இருந்தாலும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவின் பின்பக்கம் வலி, வாந்தி ஆகியவை வந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொற்று நீங்கிய பிறகும் ரத்தம் வந்தால் அதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

எரிச்சல் எல்லாமே தொற்று அல்ல என்பதும் மறக்கக் கூடாதது. பூஞ்சைத் தொற்று, பாலுறவு வழி பரவும் கிளமிடியா போன்றவை, சோப்பு ஒவ்வாமை, சிறுநீர்ப்பை வலி நோய் எல்லாம் இதே போல்தான் தொடங்கும். போன முறை மிஞ்சிய மாத்திரையை இரண்டு வேளை போட்டுக்கொள்வது, எனக்குத் தெரிந்த வீட்டு வைத்தியங்களிலேயே மோசமானது. கிருமியை முழுதாகக் கொல்லாமல் பழக்கிவிடுகிறது, அதோடு பரிசோதனையையும் கெடுத்துவிடுகிறது. சிறுநீர் மாதிரியை முதல் மாத்திரைக்கு முன்பே எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் வருவதைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடிக்க வேண்டும். உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே சில மணி நேரம் கிடந்தால் குப்பிக்குள்ளேயே கிருமிகள் பெருகி, இல்லாத தொற்று இருப்பதாக அறிக்கை வந்துவிடும்.